அணைக்க முடியாத நெருப்பைத் திருப்பும் கலை

திட எரிபொருள் ராக்கெட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பற்றவைத்தால் பற்றியதுதான். வால்வை மூடி நிறுத்த முடியாது. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ நடுவழியில் வழியில்லை. உருளைக்குள் கெட்டியாக வார்த்து வைத்திருக்கும் எரிபொருள், வார்த்தபோதே தீர்மானிக்கப்பட்ட கணக்கின்படி எரிந்து முடிந்த பிறகுதான் ஓயும். காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, வினாடிக்கு டன் கணக்கில் எடை குறைகிறது, ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது உடம்பெல்லாம் அதிர்கிறது. இத்தனைக்கும் நடுவே அந்த நெருப்பை யார், எதைப் பிடித்துத் திருப்புகிறார்கள்?

கேள்வி என் அக்காள் மகனுடையது. உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தான். 2023 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் நேரம் காலை 9 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி சி56 ராக்கெட் புறப்பட்டது. அன்று அது சுமந்து சென்ற ஏழு செயற்கைக்கோள்களும் சிங்கப்பூருடையவை. 360 கிலோ எடைகொண்ட டிஎஸ்-சார் அவற்றில் பெரியது. மேகம் மூடினாலும் இரவானாலும் ரேடார் அலை கொண்டு தரையைப் படமெடுக்கக்கூடியது. பூன் லே வீட்டில் எல்லோரும் நேரலை பார்த்துக்கொண்டிருந்தபோது, "மாமா, இதை அணைக்கவே முடியாது என்றால் எப்படித் திருப்புவார்கள்?" என்று கேட்டான். தோசை ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இதை நான் எழுதக் காரணம் என் தொழில். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இயந்திரங்களைக் கவனிக்கும் ஹைட்ராலிக் பிரிவில் வேலை செய்கிறேன். கப்பலின் பின்கோடியில், சுக்கானுக்கு நேர் மேலே இருக்கும் சுக்கான் அறைதான் என் பணியிடம். பம்பு, சிலிண்டர், வால்வு, ஆயில் சீல் என்றே பொழுது போகும். ராக்கெட்டைப் பற்றிப் படிக்கப் படிக்க, அதன் அடிப்பாகத்தில் என் தொழிலின் உறவுக்காரர்கள் குடியிருப்பது தெரிந்தது.

கப்பலின் சுக்கான் வேலை செய்ய அதன்மீது தண்ணீர் ஓட வேண்டும். ராக்கெட் மேடையை விட்டுக் கிளம்பும் முதல் சில வினாடிகளில் காற்று அதன்மீது அவ்வளவாக ஓடுவதில்லை. உயரே போனபின் காற்றே இருப்பதில்லை. ஆகவே சுக்கான் போன்ற இறக்கைகளை மட்டும் நம்பினால் காரியம் ஆகாது. சிங்கப்பூர் நீரிணையில் பெரிய கப்பல்களைத் தள்ளி நிறுத்தும் இழுவைப்படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்குச் சுக்கானே கிடையாது. விசிறியையே எந்தப் பக்கமும் சுழற்றி, உந்தும் விசையின் திசையையே மாற்றிவிடுவார்கள். ராக்கெட்டும் அதைத்தான் செய்கிறது. வெளியே பாயும் வாயுவைச் சற்றே சாய்த்தால் வால் ஒரு பக்கம் தள்ளப்படும். மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.

சற்றே என்றால் எவ்வளவு? அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பூஸ்டர், அதாவது பக்கத்தில் பொருத்திய திட எரிபொருள் ராக்கெட், ஒவ்வொன்றும் 1,200 டன்னுக்கு மேல் உந்துவிசை தந்தது. அதை ஒரே ஒரு டிகிரி சாய்த்தால் பக்கவாட்டில் 20 டன்னுக்கு மேல் விசை பிறக்கும். அந்த பூஸ்டரின் நாசில், அதாவது வாயு வெளியேறும் கூம்பு வடிவ வாய், 8 டிகிரி வரை சாயக்கூடியது. முழுதும் சாய்த்தால் பக்கவாட்டு விசை 160 டன்னைத் தாண்டிவிடும். அது 45 மீட்டர் உயர பூஸ்டரின் அடி நுனியில் செயல்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெம்புகோலின் கடைசிப் புள்ளியில் அழுத்துவது போலத்தான். அதனால் பறக்கும்போது பெரும்பாலும் சிறு சாய்வுகளே போதும்.

திரவ எரிபொருள் எஞ்சினில் இது எளிது. எஞ்சின் முழுவதையும் ஒரு கீலில் தொங்கவிட்டு ஆட்டிவிடலாம். எரிபொருள் நெகிழும் குழாய்கள் வழியே வந்து சேரும். திட ராக்கெட்டில் எரிபொருள் கிடங்கும் எரியும் அறையும் ஒன்றுதான். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்த உருளையை ஆட்ட முடியாது. நாசிலை மட்டும்தான் ஆட்ட முடியும். அப்படியானால் அசையாத உருளைக்கும் அசையும் நாசிலுக்கும் நடுவில் ஓர் இணைப்பு வேண்டும். உள்ளே 3,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம். 60 பார் அளவுக்கு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 60 மடங்கு, அழுத்தம். எரிபொருளில் கலந்த அலுமினியத் தூள் எரிந்து, உருகிய துகள்களாக வாயுவோடு சேர்ந்து பாய்கிறது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இணைப்பை அங்கே வைத்தால், தலைமுடி அளவு இடுக்கு கிடைத்தாலும் அந்த வாயு அதை அரித்துப் பெரிதாக்கிவிடும். அசையும் இடத்தில் சீல் போடுவது எவ்வளவு பாடு என்று சுக்கான் அறையில் முழங்கை வரை எண்ணெயோடு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. வழுக்கும் பரப்பே இல்லாத இணைப்பு. கோளத்தின் ஒரு துண்டு போல வளைந்த எஃகு வளையங்களையும் ரப்பர் அடுக்குகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒரே கட்டியாக ஒட்டவைத்துவிடுகிறார்கள். ஒரு முனை உருளையோடு, மறு முனை நாசிலோடு. நாசில் சாயும்போது எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. ஒவ்வொரு ரப்பர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுபடுகிறது, அவ்வளவுதான். எல்லா அடுக்கும் ஒரே மையத்தைச் சுற்றி வளைந்திருப்பதால் நாசில் அந்த மையத்தைச் சுற்றியே சாய்கிறது. தனியாகக் கீல் தேவையில்லை.

எங்கள் பட்டறையில் எஞ்சினுக்கு அடியில் வைக்கும் ரப்பர்-எஃகு தாங்கிகள் பழசாகி வரும். அவற்றில் ஒன்றை வைஸில் வைத்து மேலிருந்து இறுக்கினால் அசையவே அசையாது. கைப்பிடி வளைந்தாலும் வளையும், ரப்பர் கொடுத்துப் போகாது. அதையே பக்கவாட்டில் ஒரு நெம்புகோலால் தள்ளினால் இணங்கி நகரும்; விட்டால் தன் இடத்துக்குத் திரும்பும். ரப்பருக்கு இருக்கும் இந்த இரட்டைக் குணம்தான் ராக்கெட்டில் பயன்படுகிறது. உள்ளழுத்தம் அடுக்குகளை நெருக்கி அமுக்குகிறது. அதை ரப்பர் தாங்கிக்கொள்கிறது. சாய்க்கும் விசைக்கு மட்டும் வழிவிடுகிறது. வாயு கசிவதற்கு இடுக்கே இல்லை. வெப்பம் நேரடியாகப் படாமல் இருக்க முன்னால் ஒரு காப்புறையும் உண்டு. ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த இந்தத் தீபகற்பத்தின் தென்முனையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது.

இனி அதைச் சாய்க்கும் தசை. விண்வெளி ஓடத்தின் ஒவ்வொரு பூஸ்டரிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள் நாசிலைப் பிடித்திருந்தன. இரண்டும் சேர்ந்து எந்தத் திசையிலும் சாய்க்க முடியும். அவற்றுக்கு எண்ணெய் அழுத்தம் கொடுத்த விதம்தான் விசேஷம். ஹைட்ரஸின் என்ற திரவம் ஒரு வினையூக்கியின்மேல் பட்டதும் சூடான வாயுவாகச் சிதையும். அந்த வாயு ஒரு சிறு டர்பைனை நிமிடத்துக்கு 72,000 முறை சுழற்றும். பற்சக்கரங்கள் அதை 3,600 ஆகக் குறைத்து ஹைட்ராலிக் பம்பை ஓட்டும். அழுத்தம் சுமார் 210 பார். இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது; நாங்கள் அன்றாடம் பார்க்கும் மானியில் முள் நிற்கும் இடம் அது. பூஸ்டருக்கு இப்படி இரண்டு அமைப்புகள். ஒவ்வொன்றும் ஒரு சிலிண்டரைக் கவனிக்கும். ஒன்று நின்றுபோனால் மற்றது வேகத்தைக் கூட்டி இரண்டையும் தாங்கும்.

சிலிண்டரின் வால்வில் இன்னும் நுட்பம். ஒரே சிலிண்டருக்கு, மின் கட்டளைப்படி எண்ணெயைத் திறந்துவிடும் சர்வோ வால்வுகள் நான்கு. நான்கு தனித்தனிக் கட்டளைக் கம்பிகள். நான்கும் சேர்ந்து, எண்ணெய் போகும் வழியை மாற்றும் ஸ்பூல் என்ற ஒரே தண்டைத் தள்ளும். ஒரு வால்வு தவறான பக்கம் தள்ளினால் மற்ற மூன்றும் அதை மீறித் தள்ளிவிடும். தவறு நீடித்தால் அந்த வால்வு விலக்கப்பட்டுவிடும். இந்த வாக்கெடுப்பைக் கணினி நடத்தவில்லை, எண்ணெய் அழுத்தமே நடத்தியது. ஹைட்ராலிக்ஸில் இதைவிட நேர்த்தியான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

புறப்பாட்டுக்கு 28 வினாடி முன்பு அந்த டர்பைன்கள் ஓடத் தொடங்கும். 21 வினாடி இருக்கும்போது நாசிலை அசைத்துச் சோதிப்பார்கள். எங்கள் துறையிலும் ஒரு 28 உண்டு: கப்பல் முழு வேகத்தில் போகும்போது சுக்கானை ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்குத் திருப்ப 28 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. இரண்டு நிமிடம் எரிந்து முடிந்த பூஸ்டர்கள் பாராசூட்டில் கடலில் விழும். கப்பல்கள் போய் இழுத்து வரும். உப்புத் தண்ணீரில் விழுந்த ஹைட்ராலிக் பாகங்களைக் கழற்றி, கழுவி, சோதித்து மறுபடி பறக்கவிட்டார்கள் அந்தத் தொழிலாளிகள். அது என்ன பாடு என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோன பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில், அதாவது முதலில் எரியும் அடிப்பகுதியில், இந்த ரப்பர் இணைப்பு கிடையாது. சுமார் 139 டன் திட எரிபொருள் கொண்ட அந்த மோட்டாரின் நாசில் அசையவே அசையாது. இஸ்ரோ பொறியாளர்கள் வேறு வழி எடுத்தார்கள். நாசிலின் விரியும் பகுதியில், சுவரில் சுற்றிலும் துளைகள். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வாயு பாயும்போது, ஒரு பக்கத் துளை வழியாக ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலைப் பீய்ச்சுகிறார்கள். குறுக்கே வந்த திரவத்தில் மோதிய வாயுவில் அதிர்ச்சி அலை உண்டாகிறது. அந்தப் பக்கச் சுவரில் மட்டும் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறிய பக்கமாக வால் தள்ளப்படுகிறது. அசையும் எஃகு எதுவும் நெருப்புக்குப் பக்கத்தில் இல்லை. திறந்து மூடும் வால்வுகள் மட்டுமே.

அந்தக் கரைசல் எங்கே இருக்கிறது தெரியுமா? பிஎஸ்எல்வி படத்தை எடுத்து முதல் கட்டத்தின் பக்கங்களைப் பாருங்கள். உயரமான, ஒல்லியான இரண்டு உருளைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். சி56 போல பக்கவாட்டு மோட்டார்கள் இல்லாத வடிவத்தில் அவை இன்னும் தெளிவாகத் தெரியும். பலர் அவற்றைச் சிறு பூஸ்டர்கள் என்று நினைக்கிறார்கள். அவை திருப்புவதற்கான திரவத் தொட்டிகள். நைட்ரஜன் அழுத்தம் திரவத்தை வெளியே தள்ளுகிறது. அமெரிக்காவின் டைட்டன் ராக்கெட்டுகளின் பூஸ்டர்களிலும் பக்கத்தில் இப்படித் தொட்டி இருந்தது. அங்கே திரவம் நைட்ரஜன் டெட்ராக்சைடு. இந்த முறைக்கு விலையும் உண்டு. தொட்டியின் எடையைத் தூக்கிப் போக வேண்டும். திரவம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பெரிய கோணம் கிடைக்காது. அதே பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டமும் திட எரிபொருள்தான். அங்கே ரப்பர் இணைப்புள்ள நாசிலை வைத்திருக்கிறார்கள். ஒரே ராக்கெட்டில் இரண்டு வித்தைகளும்.

எந்த வித்தையானாலும் ஒற்றை நாசிலால் ஒன்று மட்டும் முடியாது. ராக்கெட் தன் நீளவாக்கு அச்சைச் சுற்றி உருள்வதை அது தடுக்க முடியாது. பிஎஸ்எல்வியில் பக்கவாட்டில் உள்ள சிறு திரவ எஞ்சின்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு பூஸ்டர்கள் இருந்தால், இரண்டின் நாசில்களையும் எதிரெதிர்த் திசையில் சாய்த்தால் போதும், வண்டி முழுவதும் உருளும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உந்துவிசையைச் சாய்த்துத் திருப்புகிறோம் என்றால், உந்துவிசை இல்லாத கணத்தில் திருப்ப எதுவுமே இல்லை. இந்தியா இதை மிகுந்த வலியோடு கற்றது. 1988 ஜூலை 13 அன்று, பிஎஸ்எல்விக்கு முந்தைய இந்திய ராக்கெட்டான ஏஎஸ்எல்வியின் இரண்டாவது பயணம். பக்கவாட்டு மோட்டார்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே ஓய்ந்தன. நடு மோட்டார் பற்றுவதற்குள் ஓர் இடைவெளி விழுந்தது. காற்றின் தாக்குதல் மிகக் கடுமையான உயரம் அது. பிடிக்க ஆளில்லாமல் ராக்கெட் சாய்ந்தது, உடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முதல் பயணமும் தோற்றிருந்தது. விட்டுவிடவில்லை. அடிப்பாகத்தில் இறக்கைகள் சேர்த்தார்கள். கடிகாரத்தை நம்பாமல், பக்கவாட்டு மோட்டார்களின் விசை உண்மையிலேயே குறைவதை உணர்ந்து நடு மோட்டாரைப் பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1992 மே 20 அன்று மூன்றாவது பயணம் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

சந்திரயான்-3ஐக் கொண்டுபோன எல்விஎம்3 புறப்படும்போது கவனித்துப் பாருங்கள். மேடையில் எரிவது இரண்டு எஸ்200 திட பூஸ்டர்கள் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் 205 டன் எரிபொருள். நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் அப்போது தூங்குகின்றன. முதல் ஒன்றேமுக்கால் நிமிடம் திருப்பும் பொறுப்பு முழுவதும் அந்த இரண்டு நாசில்களுடையது. பூஸ்டர்கள் ஓய்வதற்கு முன்பே நடு எஞ்சின்கள் பற்றிக்கொள்கின்றன. இடைவெளிக்கு இடமே வைக்கவில்லை. ஏஎஸ்எல்வியின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும்.

தசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கட்டளை சரியாக இருக்க வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் அடைக்க முயன்ற மென்பொருள் செயலிழந்தது. அது அனுப்பிய பொருளற்ற தகவலைத் திசை விலகல் என்று கணினி நம்பி, பூஸ்டர் நாசில்களை முழுக்கோணத்துக்குச் சாய்க்கச் சொன்னது. நாசில்கள் கீழ்ப்படிந்தன. புறப்பட்ட 40 வினாடிக்குள் எல்லாம் முடிந்தது. 1986இல் சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தின் விபத்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது: அன்று உயரே வீசிய காற்றின் திடீர் மாற்றங்களால், அதற்கு முந்தைய எந்தப் பயணத்தையும்விடத் திருப்பும் அமைப்பு அதிகம் உழைத்தது, எல்லாக் கட்டளைகளுக்கும் சரியாகவே பணிந்தது. வலப்பக்க பூஸ்டரின் இணைப்பு ஒன்றில் தீ கசிந்துகொண்டிருந்தபோதும் நாசில்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருப்புவது இலவசம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டிஎஸ்-சார் செயற்கைக்கோள் போன சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு வெறும் 5 டிகிரி சாய்வு. சிங்கப்பூர் போல நடுக்கோட்டின் அருகில் இருக்கும் நாட்டின் மேல் அடிக்கடி வந்துபோக அது வசதி. ஆனால் ஸ்ரீஹரிகோட்டா 13.7 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 5 டிகிரிப் பாதையில் சேர, வழியில் பாதையை வளைத்தே ஆக வேண்டும். வளைக்கும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் சரக்கின் பங்கிலிருந்து கழிகிறது. துருவப் பாதைக்குப் போகும்போது வேறு சிக்கல். நேர் தெற்கே போனால் இலங்கை மேல் பறக்க வேண்டும். அதனால் பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேல் தெற்கே திரும்புகிறது. பெரிய ராக்கெட் அந்தச் சுற்றுவழியைத் தாங்கும். மூன்று திடக் கட்டங்கள் கொண்ட இந்தியாவின் சின்னஞ்சிறு ராக்கெட் எஸ்எஸ்எல்விக்கு அது பெரும் சுமை.

தமிழ்நாட்டில் என் சொந்த ஊருக்குப் பக்கத்து ஊரான குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய ஏவுதளம் அதற்காகத்தான். தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலில் வேடம் கட்டி ஆடும் கூட்டத்துக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல் மட்டும்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. வளையாமல் போகலாம். எஸ்எஸ்எல்வியின் நாசில்களைத் திருப்புவது எண்ணெய் அல்ல, மின்மோட்டார். ஹைட்ராலிக்காரனான எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் முதல் ஏவுதலுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதாக இருக்கிறேன். தேதி அறிவித்ததும் மேலாளரிடம் விண்ணப்பம் போய்விடும்.